நானூற்றுப் பன்னிரண்டு சாவிகளும் ஓர் அழிப்பு உத்தரவும்

பூட்டுக்காரருக்குத் தன் அறிவைப் பற்றி நல்ல அபிப்பிராயம் உண்டு. தன்னால் திறக்க முடியாத பூட்டு இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்று சொல்லுவார். கேட்க ஆள் இல்லாவிட்டால் கையில் இருக்கும் பூட்டிடமே சொல்லுவார். அவருடைய கடை ஒரு கதவின் அகலம்தான் இருக்கும். உள்ளே சாவி வெட்டும் இயந்திரம், இரண்டு அரம், ஆணிகளில் தொங்கும் வெட்டாத சாவிகள், ஒரு முக்காலி. பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான் என்பதால் இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கம் "என்னண்ணே?" என்று குரல் வரும்.

இந்த அறிவு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காரியம் செய்தது. ஜனங்கள் சாவியைத் தொலைப்பதும், இவர் போய் நல்ல பூட்டை உடைப்பதும் அவருக்குப் பொறுக்கவில்லை. அதனால் எந்த வீட்டுக்குப் பூட்டுப் போட்டாலும், சாவியைக் கொடுப்பதற்கு முன் கட்டம் போட்ட தாளில் படுக்கவைத்துத் தன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். தாளின் ஓரத்தில் வீட்டு எண்ணும் தெருவும் எழுதியிருக்கும். யாராவது சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நின்றால், கட்டங்களை எண்ணிச் சாவிப் பல்லின் உயரத்தைக் கண்டுபிடித்து, கால் மணி நேரத்தில் புதுச் சாவி வெட்டிக் கையில் கொடுப்பார். வந்தவர் வாயைப் பிளப்பார். "எப்படிங்க?" என்று கேட்டால் நெற்றியைத் தட்டிக் காட்டுவார். போனைக் காட்ட மாட்டார்.

இப்படி நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்தன. முதல் படம் அவருடைய சொந்த வீட்டுச் சாவி.

போனை வாங்கிக் கொடுத்தவன் அவருடைய மனைவியின் தம்பி. "கம்பெனி பேரைக் கேக்காதீங்க மாமா, திரை எவ்ளோ பெருசுன்னு பாருங்க" என்றான். அந்தக் கம்பெனி போனை விற்ற எட்டாம் மாதம் கடையைக் கட்டிவிட்டது. உள்ளே இருந்த இயங்குதளமோ ஒருவர் தைத்த சட்டையை இன்னொருவர் பிரித்துத் தைத்து, மூன்றாமவர் பொத்தானை மாற்றியதைப் போன்றது. கிழிந்தால் ஒட்டுப்போட ஆள் கிடையாது. திரை மட்டும் பெரியதாகவே இருந்தது.

சாவித் துவாரத்துக்குள் எட்டிப் பார்க்க அவருக்கு வெளிச்சம் தேவைப்பட்டது. போனிலேயே இருக்கும் வெளிச்சம் போதாது என்று 'சூப்பர் டார்ச்' என்று ஒன்றை இறக்கிக்கொண்டார். அது பணிவாகத்தான் கேட்டது. உங்கள் படங்களைப் பார்க்கலாமா? அனுமதி. நீங்கள் இருக்கும் இடத்தை அறியலாமா? அனுமதி. நீங்கள் பேசுவதைக் கேட்கலாமா? அனுமதி. கதவைத் தட்டுகிறவன் யார் என்று பார்க்காமல் திறக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்து, கதவுக்குத் துளைக்கண்ணாடி பொருத்துகிற மனிதர் அவர். டார்ச்சிடம் மட்டும் யார், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு நாள் போன் கொதித்தது. மாத நெட் இரண்டே நாளில் தீர்ந்தது. பலகைத் தடுப்புக்கு மேலாகப் போனை நீட்டினார். ஜெராக்ஸ் கடைப் பெண் ஐந்து நிமிஷம் துழாவினாள்.

"அண்ணே, இந்த டார்ச் உங்க போட்டோவை எல்லாம் எங்கயோ அனுப்பிட்டு இருக்கு."

"எல்லாத்தையுமா?"

"நானூத்திப் பன்னெண்டும். இதுல ஒரு ஓட்டை இருந்திருக்கு. மத்த போனுக்கெல்லாம் ரெண்டு வருஷம் முன்னாடியே அடைச்சிட்டாங்க. உங்க கம்பெனிதான் இல்லையே, யார் வந்து அடைப்பாங்க? ஆமா, டார்ச்சுக்கு எதுக்குண்ணே போட்டோ பாக்குற அனுமதி?"

பூட்டுக்காரர் முக்காலியில் உட்கார்ந்தார். சாவியின் படம் என்பது படமல்ல, சாவியேதான் என்பது அந்த ஊரில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அதிலும் இவர் கட்டம் போட்டு, அளவு கொடுத்து, விலாசமும் எழுதி வைத்திருக்கிறார். திருடன் கேட்டிருந்தால்கூட இவ்வளவு ஒழுங்காகக் கேட்டிருக்க மாட்டான்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கு எந்த வீட்டுல திருட்டுப் போனாலும் முதல்ல நம்ம கதவைத்தான் தட்டுவாங்க. உடைக்காத பூட்டு, தொலையாத சாவி. வேற யாரைச் சந்தேகப்படுவாங்க?" கொஞ்ச நேரம் கழித்து, "அதை விடுங்க. உங்களை நம்பித்தானே எல்லாரும் ராத்திரி தூங்குறாங்க" என்றாள். முதலில் சொன்னதைவிட இரண்டாவது சொன்னதுதான் அவரைத் தூங்கவிடவில்லை.

டார்ச்சைப் போனிலிருந்து தூக்கி எறிந்தார்கள். போனை அணைத்துத் திரும்பப் போட்டபோது டார்ச் மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தது. இனி ஒரே வழிதான் என்றாள் ஜெராக்ஸ் கடைப் பெண். கைப்பேசிப் பாதுகாப்பு வாரியம் 'அழிப்பு உத்தரவு' என்று ஒரு கடிதம் எழுதினால், படங்களை வாங்கி வைத்திருக்கிற டார்ச் கம்பெனி அவற்றை அழித்தே ஆக வேண்டுமாம். "ஒரு வரிதாண்ணே. வாரியம் எழுதணும், அவ்ளோதான்."

ஆழம் தெரியாமல் காலை விடுவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. கடையைப் பூட்டிக்கொண்டு போனார்.

வாரியத்தின் கட்டடம் ஒன்பது மாடி. ஆரம்பத்தில் ஒரே ஒரு அறைதானாம். அப்போது போன்களில் ஓர் இயங்குதளம் இருந்தது, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் அதிகாரி இருந்தார். பிறகு பதிப்பு இரண்டு வந்தது, மூன்று வந்தது. ஒவ்வொரு பதிப்பையும் ஒவ்வொரு கம்பெனியும் வாங்கித் தன் இஷ்டத்துக்கு மாற்றியது. பதிப்புக்கு ஒரு பிரிவு, பிரிவுக்கு ஓர் அதிகாரி என்பது விதி. பதிப்புகள் பெருகப் பெருக மாடிகள் பெருகின. எல்லாப் பதிப்பிலும் இருக்கிற ஓட்டையை யார் கவனிப்பது என்று ஒரு முறை கேள்வி வந்ததாம். எல்லாருக்கும் பொதுவானது எந்தப் பிரிவுக்கும் சொந்தமில்லை என்று தீர்மானித்து அந்தக் கேள்வியை முடித்துவைத்தார்கள்.

வாசலில் காவலாளி நிறுத்தினார். "வாரியத்தோட செயலி இருக்கா? அதுல டோக்கன் எடுத்தாத்தான் உள்ள விடுவோம்."

பூட்டுக்காரர் செயலியை இறக்கிப் பார்த்தார். 'உங்கள் போன் பாதுகாப்பற்றது. இதில் இச்செயலி இயங்காது' என்று வந்தது.

"அதைச் சொல்லத்தாங்க வந்திருக்கேன்."

"பாதுகாப்பான போன் வெச்சிருக்கவங்கதான் புகார் குடுக்கலாம்" என்றார் காவலாளி. மனிதர் நல்லவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பொதுப் போன் ஒண்ணு இருக்கு, அதுல எடுத்துக்குங்க" என்று காட்டினார்.

பொதுப் போன் சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியில் கட்டப்பட்டிருந்தது. சங்கிலியில் ஒரு பூட்டு. அந்தப் பூட்டைக் கொண்டை ஊசியால் திறந்துவிடலாம் என்று பூட்டுக்காரரின் கண் தன்னால் கணக்குப் போட்டது. போனைத் திறக்கும் எண் சுவரில் பெரிதாக எழுதியிருந்தது: ஒன்று இரண்டு மூன்று நான்கு. எண்ணை அழுத்தியதும் அவருக்கு முன்னால் வந்த அம்மாளின் பெயர், விலாசம், ரத்த வகை, அவர் கணவர் மேல் அவருக்கு இருந்த சந்தேகம் எல்லாம் வரிசையாக வந்தன. அவற்றை நகர்த்திவிட்டுத் தன்னுடையதை எழுதினார். கடைசியில் 'கசிந்த படத்தின் மாதிரி ஒன்றை இணைக்கவும்' என்று கேட்டது.

மற்றவர் வீட்டுச் சாவியை இணைக்க மனம் வரவில்லை. தன் வீட்டுச் சாவியின் படத்தைப் பொதுப் போனுக்கு அனுப்பி இணைத்துவிட்டு உள்ளே போனார். ஆறாவது மாடிப் படியேறும்போதுதான், செய்த காரியம் என்ன என்று உறைத்தது. திரும்பி இறங்கினால் டோக்கன் போய்விடும். ஏறினார்.

ஆறாம் பதிப்புப் பிரிவு அதிகாரி அவருடைய போனை வாங்கி, அமைப்புகளுக்குள் போய், பதிப்பு எண்ணைப் படித்தார். அது ஒரு எண்ணாக இல்லை. ஆறில் ஆரம்பித்து, நடுவில் கம்பெனியின் பெயரும் ஒரு பூவின் பெயரும் வந்து, கடைசியில் 'இறுதி-புதியது-2' என்று முடிந்தது. அதிகாரி தன் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

"இப்படி ஒரு பதிப்பு இல்லையே."

"கையில இருக்குதுங்களே."

"கையில இருக்கலாம். பட்டியல்ல இல்ல. இல்லாத பதிப்புல எப்படிங்க ஓட்டை இருக்கும்?" அவர் கோபமாகச் சொல்லவில்லை, நல்ல செய்தி சொல்லும் டாக்டரின் முகத்தோடு சொன்னார். "நீங்க பயப்படறதுக்கு ஒண்ணுமே இல்ல."

ஒரு நிமிஷம் பூட்டுக்காரருக்கே நிம்மதியாகிவிட்டது. நன்றி சொல்லிவிட்டுப் பாதிப் படி இறங்கிய பிறகுதான் அந்த நிம்மதியில் எங்கோ இடிக்கிறது என்று தோன்றியது. நின்ற இடம் ஆறாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் இருந்த அரைமாடி. 'கம்பெனிகள் மாற்றியமைத்த பதிப்புகள்' என்று பலகை. உள்ளே, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் அவரைத் தவிர இருந்தவை நாற்பத்தொரு இரும்பு அலமாரிகள்.

அரைமாடி அம்மாள் பதிப்பு எண்ணைப் பார்த்ததும், "ஓ, இதா? இது எனக்குத் தெரியும். இறுதி-புதியது-3 கூட இருக்கு" என்றார். பூட்டுக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்ப உத்தரவு குடுப்பீங்களாம்மா?"

"கம்பெனிக்கு ஒரு அலமாரி. உங்க கம்பெனியோட ஃபைலை எடுத்துத்தான் குறிப்பு எழுதணும். ஆனா ஒவ்வொரு அலமாரியும் ஒவ்வொரு வருஷம், ஒவ்வொரு கடையில வாங்கினது. ஒரு சாவி இன்னொண்ணுக்குச் சேராது. பாதிச் சாவி எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது."

பூட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு வளைந்த கம்பியை எடுத்தார்.

இரண்டு நிமிஷத்தில் அலமாரி திறந்தது. அரைமாடி அம்மாள் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி அவரைப் பார்த்தார். இருபத்தாறு வருஷத் தொழிலில் தன்னை யாரும் இப்படிப் பார்த்ததில்லை என்று பூட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் கையால் கெட்டார். "மத்ததையும் திறந்து குடுத்துடறேன்மா, ஒரு வேலையா?" என்று அவராகவேதான் சொன்னார், யாரும் கேட்கவில்லை.

செய்தி மாடி மாடியாகப் பரவியது. மறுநாள் முதல் அவர் வாரியத்துக்கு வந்தால் காவலாளி டோக்கன் கேட்பதில்லை. "வாங்க வாங்க, நாலாவது மாடியில மேஜை திறக்கலையாம்" என்பார். ஐந்தாம் பதிப்பின் இழுப்பறை, எட்டாம் பதிப்பின் குளியலறை, கடன் வாங்கிய சைக்கிளின் பூட்டு என்று ஒவ்வொன்றாக வந்தது. அதிகாரிகள் அவரை 'சார்' என்றார்கள். நாற்காலி போட்டார்கள். எவனோ எங்கோ உட்கார்ந்து நானூற்றுப் பன்னிரண்டு சாவிகளுக்கு அரம் போட்டுக்கொண்டிருக்கலாம் என்கிற நினைவு காலையில் வரும். பத்து மணிக்கு யாராவது 'சார்' என்றதும் போய்விடும். இதை அவர் பிறகு மனைவியிடம் ஒப்புக்கொண்டார். "அந்த ஒரு வார்த்தைக்கு நான் பதினோரு நாள் வேலை செஞ்சேன்டி" என்றார்.

வாரியத்தில் இன்னொரு விதி இருந்தது. எந்த வேலை முடிந்தாலும் ஆதாரமாக ஒரு படம் தர வேண்டும். பூட்டுக்காரருக்கோ அது பழகிய வழக்கம். ஒவ்வோர் அலமாரிக்கும் புதுச் சாவி வெட்டி, கட்டம் போட்ட தாளில் படுக்கவைத்து, ஓரத்தில் அலமாரி எண்ணை எழுதி, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் படம் பிடித்துக் கொடுத்தார். நாற்பத்தொரு அலமாரி, நாற்பத்தொரு படம். எந்தப் போன் என்று அவரும் யோசிக்கவில்லை, பாதுகாப்புக்கென்றே பிறந்த அந்த வாரியத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

பதினோராம் நாள் பத்தாவது மாடியின் திறப்பு விழா. போன வாரம் வரை ஐந்நூற்றுப் பன்னிரண்டாக இருந்த பதிப்புகள் ஐந்நூற்று முப்பதாகிவிட்டதால் புது மாடி. அதன் கதவுக்குச் சாவி கிடையாது, போனைக் காட்டினால் திறக்கும் பூட்டு. அன்று காலை தலைவருடைய உதவியாளரின் போன் தானாகவே புதுப் பதிப்புக்கு மாறிவிட்டது. பூட்டு பழைய பதிப்பிலேயே இருந்தது. உதவியாளர் போனைக் கதவின் முன்னால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். கதவு அசையவில்லை. எனவே விழா படிக்கட்டில் நடந்தது. படிக்கு இரண்டு பேராக வாரியம் முழுவதும் நின்றது. தலைவர் மேல்படியில் நின்று பேசினார்.

"நம்ம எதிரிங்க என்ன சொல்றாங்க? இத்தனை பதிப்பு இருக்கே, பாதுகாப்பு எப்படின்னு கேக்கறாங்க. நான் கேக்கறேன், ஊருக்கே ஒரு பூட்டு இருந்தா ஒரு திருடன் போதும். ஐந்நூத்தி முப்பது பூட்டு இருந்தா ஐந்நூத்தி முப்பது திருடன் வேணும். அத்தனை திருடனுக்கு இந்த ஊர் எங்க போகும்? ஆக, பிரிஞ்சு கிடக்கறதே பாதுகாப்பு."

படிக்கட்டு கைதட்டியது.

"என்னையே எடுத்துக்குங்க. அழிப்பு உத்தரவுல கையெழுத்துப் போடறதுக்குன்னு வாரியம் எனக்கு ஒரு போன் குடுத்திருக்கு. அதை வாங்கின அன்னைக்கே அலமாரியில வெச்சுப் பூட்டினேன். மூணு வருஷம் ஆச்சு. இதுவரை அதுல ஒரு தாக்குதல் நடந்திருக்கா? ஒரு சின்ன ஊடுருவல்? இல்ல. இதுதான் நான் உங்களுக்குக் காட்டற முன்மாதிரி."

கீழிருந்து மூன்றாம் படியில் நின்ற பூட்டுக்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று வருஷமாக ஓர் அழிப்பு உத்தரவும் போகவில்லை. பக்கத்தில் நின்ற அரைமாடி அம்மாளைப் பார்த்தார். அவர் படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, உத்தரவு போகலைன்னா பரவாயில்லைங்களா?" என்று கேட்டுவிட்டார். இத்தனை நாள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, தப்பான நேரத்தில் சத்தமாக வந்தது.

தலைவர் கோபப்படவில்லை. "நீங்க எந்தப் பதிப்பு?" என்றார்.

"பூட்டுக்காரனுங்க."

"ரொம்ப நல்லதாப் போச்சு. என் அலமாரிச் சாவி தொலைஞ்சு மூணு வருஷமாச்சு."

முதலில் பத்தாவது மாடிக் கதவின் இடுக்கில் கம்பியை விட்டுத் தாழை நெம்பித் திறந்துகொடுத்தார். பிறகு தலைவரின் அறைக்குப் போய் அலமாரியையும் திறந்தார். உள்ளே பட்டுத்துணி விரித்த பெட்டியில் போன் இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த கண்ணாடித் தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை. உதவியாளர் அதைச் சார்ஜில் போட்டார். அதற்குள் தலைவர் தன் இடுப்பிலிருந்து ஒரு சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

"இது என் வீட்டு வாசச் சாவி. அலமாரியும் இதுலயே திறக்கற மாதிரி பண்ணிடுங்க. ரெண்டு சாவியெல்லாம் யாருங்க தூக்கிட்டு அலையறது?"

ஐந்நூற்று முப்பது பூட்டைப் பற்றிப் பேசி வாய் மூடவில்லை. பூட்டுக்காரர் அலமாரிப் பூட்டின் உள்பாகங்களைப் பிரித்து, வீட்டுச் சாவிக்குப் பொருந்துமாறு மாற்றிக் கோத்தார். திருப்பிப் பார்த்தார். வெண்ணெயாகத் திரும்பியது. சாவியைக் கட்டம் போட்ட தாளில் படுக்கவைத்து, ஓரத்தில் 'தலைவர்: அலமாரி மற்றும் வீடு' என்று எழுதி, ஆதாரத்துக்குப் படம் எடுத்தார்.

அரைமாடி அம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"இதை எந்தப் போன்ல எடுத்தீங்க?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது என்பார்கள். பூட்டுக்காரர் கையில் இருந்த போன் மெல்லச் சூடாக ஆரம்பித்தது. "என் போன்லம்மா" என்றார். பிறகு, "எல்லாத்தையும் இதுலதான் எடுத்தேன். உங்க நாப்பத்தொண்ணும் இதுலதான்" என்றார்.

அதற்குள் சார்ஜ் ஏறி விழித்துக்கொண்ட வாரியப் போனை உதவியாளர் படித்தார்: "'உங்கள் பதிப்பு காலாவதியாகிவிட்டது. இதில் கையெழுத்திட இயலாது.'"

"என் வீட்டுச் சாவி எங்க போயிருக்கு?" என்றார் தலைவர்.

"டார்ச்சுக்குங்க."

மூன்று வருஷமாக அசையாத வாரியம் கால் மணி நேரத்தில் ஓடியது. போனில்தான் கையெழுத்திட வேண்டும் என்கிற விதியின் கீழே, அவசரத்துக்குத் தாளிலும் போடலாம் என்று ஓர் உபவிதி கிடந்ததை யாரோ கண்டுபிடித்தார்கள். ஒருவர் வெள்ளைத்தாள் கொண்டுவந்தார், ஒருவர் பேனா. "பேனாவுக்கு எந்தப் பதிப்பும் கிடையாது" என்று அரைமாடி அம்மாள் யாரிடமும் சொல்லாமல் சொன்னார். தலைவர் ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். வட்ட முத்திரை விழுந்தது. ஜெராக்ஸ் கடைப் பெண் சொன்ன அதே ஒரு வரி. அழிப்பு உத்தரவு இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று பூட்டுக்காரர் நினைக்கவில்லை. வாங்கிப் படித்தார். 'படம் எண் நானூற்று ஐம்பத்து நான்கை உடனே அழிக்கவும்.' அது தலைவருடைய சாவியின் படம்.

"மத்த படங்க?" என்றார்.

"எந்த மத்த படம்?" என்றார் உதவியாளர்.

"நானூத்திப் பன்னெண்டு வீடுங்க. அதுக்குத்தானே நான் வந்தேன்."

"அது நீங்க புகார் குடுத்த படம். உங்க போனோட பதிப்பு பட்டியல்ல இல்லையே, எப்படி உத்தரவு போடறது?"

"இப்பப் போட்டீங்களே, அதுவும் இதே போன்தானே?"

உதவியாளர் பொறுமையானவர். குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "பதிப்பு இல்லாட்டியும் தலைவர் இருக்காரே."

பூட்டுக்காரர் தாளைத் திரும்பக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். அரைமாடியில் அம்மாள் அவருக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்.

"என் அலமாரிகளைப் பத்திக் கவலைப்படாதீங்க. திருட வர்றவன் அதையெல்லாம் படிச்சுப் பார்த்தா அவனே பூட்டிட்டுப் போயிடுவான்" என்றார். பிறகு தயங்கி, "தப்பா நினைக்காதீங்க. நீங்க வந்த முதல் நாளே கேட்டிருக்கணும். ஒரு வீட்டுல பூட்டோட உள்பாகத்தை மாத்திட்டா, பழைய சாவிப் படம் வெறும் படம்தானே? இப்ப மேல அலமாரிக்குச் செஞ்சீங்களே, அதே மாதிரி. அதுக்கு உத்தரவு எதுக்கு?"

பூட்டுக்காரர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வீட்டுக்கு அரை மணி நேர வேலை. பதினோரு நாளில் எத்தனை வீடு என்று கணக்குப் போட மனம் வரவில்லை. இது ஜெராக்ஸ் கடைப் பெண்ணுக்குத் தோன்றாமல் போகலாம், அவளுக்குப் பூட்டு தெரியாது. தன் அறிவைப் பற்றி நல்ல அபிப்பிராயம் உள்ள, இருபத்தாறு வருஷப் பூட்டுக்காரருக்குத் தோன்றவில்லை. போனில் வந்த வியாதிக்குப் போன் ஆபீசில்தான் மருந்து என்று படியேறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் சிரித்தார். சிரிப்பு நின்றபோது கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வாசலைத் தாண்டும்போது போனில் செய்தி வந்தது. 'உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவையை மதிப்பிட, உங்கள் படங்களைப் பார்க்க அனுமதிக்கவும்.' அவர் நின்று, அந்த வரியை இரண்டு முறை படித்து, 'மறு' என்பதை அழுத்தினார். அந்தப் பொத்தானை வாழ்க்கையில் முதல் முறையாகத் தொட்டார்.

கடைக்குப் போய்ப் போனிலிருந்த வீட்டு எண்களையும் தெருக்களையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். போனை அணைத்து இயந்திரத்துக்கு அடியில் போட்டார். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். முதலில் தன் வீடு, அங்கே மனைவி டார்ச் விளக்கைப் பிடித்தாள், நிஜ டார்ச். அடுத்தது, தனியாக இருக்கிற டீச்சரின் வீடு.

கதவைத் தட்டினார். துளைக்கண்ணாடி இருண்டது. அதை அவர்தான் பொருத்தினார்.

"யாரு?"

"பூட்டுக்காரன், டீச்சர்."

"நான் வரச் சொல்லலையே. என்ன விஷயம்?"

"உங்க பூட்டை மாத்தணும்."

"நல்லாத்தானே இருக்கு. எதுக்கு மாத்தணும்?"

மூன்று கேள்வி. மூடின கதவுக்கு வெளியே நின்று பூட்டுக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். கட்டம் போட்ட தாள், விலாசம், டார்ச், காணாமல் போன கம்பெனி, ஒன்பது மாடி, தலைவரின் ஒரு வரி. வாரியத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் ஏறியது. கேட்காமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டு போன அந்த டார்ச்சைப் பற்றிச் சொல்லும்போது நியாயமான கோபம் வந்தது. நன்றாகவே பேசினார்.

கதவு திறந்தது. டீச்சர் அவரைப் பார்த்தார். வாரியத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, டார்ச்சைப் பற்றியும் கேட்கவில்லை.

"என் வீட்டுச் சாவியைப் படம் எடுக்கறதுக்கு நீங்க யார்கிட்ட கேட்டீங்க?"

இவ்வளவு நேரம் பூட்டுக்காரர் திட்டித் தீர்த்த எல்லாரும் அந்தக் கேள்விக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள், வரிசையின் தலையில் அவர் நின்றார். நெற்றியைத் தட்டிக் காட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"யார்கிட்டயும் கேக்கல டீச்சர்" என்றார்.

டீச்சர் கதவை அகலத் திறந்து, ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கதவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அவர் வேலை செய்வதைப் பார்க்க உட்கார்ந்தார். பூட்டுக்காரர் பூட்டைப் பிரித்து, உள்பாகத்தை மாற்றி, இரண்டு சாவி வெட்டி, இரண்டையும் திருப்பிப் பார்த்தார். முடிந்ததும் கை தன்னிச்சையாகச் சட்டைப் பைக்குப் போனது. டீச்சர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பை காலியாக இருந்தது. கையை வெளியே எடுத்து, இரண்டு சாவியையும் டீச்சரிடம் கொடுத்தார்.

"வேற படம் எதுவும் இல்லையே?" என்றார் டீச்சர்.

"இல்லைங்க."

"சாவி தொலைஞ்சா?"

"பூட்டை உடைக்கணும் டீச்சர்."

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்தினார். உள்ளே சாவி இரண்டு சுற்றுத் திரும்பும் சத்தம் கேட்டது. பூட்டுக்காரர் நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு, மீதி நானூற்றுப் பத்து வீடுகளிலும் இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த கதவைத் தட்டினார்.